அசல் எலும்பா, பிளாஸ்டிக் வார்ப்பா?

உயிரியல் மானுடவியல் படிக்கச் சேர்ந்ததும் நான் வாங்கியது மனித எலும்புகளின் பிளாஸ்டிக் வார்ப்பு செட். 206 எலும்புகளின் பெயர்களும், எது இடது எது வலது என்பதும் அதை வைத்துத்தான் மனத்தில் பதிந்தன. கீழே விழுந்தாலும் உடையாது; பூஞ்சை பிடிக்காது; சாப்பாட்டு மேசையில் பரப்பினாலும் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் அதைப் பரணில் ஏற்றிவிட்டுத் துறையின் எலும்பு அறையிலேயே உட்காரத் தொடங்கினேன்.

காரணம், முறிவு. சாவை ஒட்டி உடைந்ததா, மண்ணில் கிடந்து காய்ந்த பிறகு உடைந்ததா என்பது தடயவியலில் வழக்கையே திருப்பிவிடும் கேள்வி. ஈரமும், நெகிழ்வு தரும் புரதமான கொலாஜனும் உள்ள எலும்பு பச்சைக் குச்சியைப் போல வளைந்து கொடுத்து, சாய்வாக, வழவழப்பான கூர்விளிம்போடு முறியும். காய்ந்தது சாக்பீஸ் மாதிரி குறுக்கே, சொரசொரப்பாக ஒடியும். அந்த அறையில் ஒரு தொடை எலும்பு இருந்தது. மேலெல்லாம் தேநீர்க்கறை போன்ற பழுப்பு. உடைந்த முகம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. தோண்டும்போது மண்வெட்டி பட்டு உடைந்தது அது. அந்த வெள்ளையைக் கவனிக்காதவர் அடிபட்ட காயம் என்று அறிக்கை எழுதிவிடலாம். யாரோ ஒருவர் மேல் கொலைப்பழி விழலாம். பிளாஸ்டிக்கை உடைத்துப் பாருங்கள், உள்ளும் புறமும் ஒரே நிறம்.

வயதைக் கணிப்பதில் வார்ப்புகளைக் குறை சொல்ல மாட்டேன். இடுப்பெலும்புகள் முன்னால் சேரும் பரப்பு இளமையில் அலை அலையாக இருந்து வயதோடு தேய்வதை, சூச்சி–புரூக்ஸ் முறையின் 6 கட்ட வார்ப்புகள் நன்றாகவே காட்டுகின்றன. எரிந்த எலும்பை நான் இரண்டு முறைதான் தொட்டிருக்கிறேன். அதைப் படிக்க அசலா வார்ப்பா எது உதவும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அசல்தான் வேண்டும் என்றாலும், விலைக்கு வாங்காதீர்கள். 1985-இல் இந்தியா மனித எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை கொல்கத்தாவிலிருந்து உலகெங்கும் எலும்புக்கூடுகள் போயின. பலவற்றுக்கு யாருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை. துறையின் சேகரிப்பில், பொறுப்பாளர் முன்னிலையில் படிப்பதே முறை.

அந்த வசதி இல்லாதவர்கள் கறிக்கடையில் இரண்டு ஆட்டுத் தொடை எலும்புகள் வாங்குங்கள். ஒன்றை அன்றே உடையுங்கள். மற்றதைச் சுத்தம் செய்து மொட்டைமாடி வெயிலில் சில மாதம் காயவிட்டு உடையுங்கள். இரண்டு விளிம்புகளிலும் விரலை ஓட்டிப் பாருங்கள்.