"பாஸ் கேரண்டி" என்று சொல்லி ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்: பழைய கார் வைத்திருப்பவர்களே, உஷார்

பழைய காரைத் தகுதிச் சோதனைக்குத் தயார் செய்ய யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கார் சர்வீஸ் செயலி ஒன்றில், என்னிடம் ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, காரைக் கழுவி மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். செயலியிலேயே புகார் கொடுத்தேன். இன்று காலை அதையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். அதுவரை ஒருவரும் என்னைக் கூப்பிட்டுக்கூடப் பேசவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, சோதனைக்கு வண்டியை எப்படித் தயார் செய்வது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

வருடாந்திரச் சோதனை நெருங்கிவிட்டது. செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் கிறீச்சென்று சத்தம். வீட்டுக்கே வந்து காரை எடுத்துப்போய், வேலை முடித்துக் கொண்டுவந்து விடும் செயலிகள் இருக்கின்றனவே, அப்படி ஒன்றில் பதிவு செய்தேன். "சோதனைக்கு முந்தைய முழுப் பராமரிப்பு, பாஸ் கேரண்டி" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

வந்த ஆள் அவசரப்படவே இல்லை. டார்ச்சை அடித்துக்கொண்டு தரையில் படுத்தே அடிப்பக்கம் பார்த்தார். ஸ்கேனரைச் செருகி, பி0420 என்ற எரர் கோட் வருவதை எனக்கும் காட்டினார். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகையைப் போதிய அளவு சுத்தம் செய்யவில்லை என்று வண்டியின் கணினி சொல்கிற கோட் அது. அவர் காட்டியதில் பொய் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் கையில் (லோயர் ஆர்ம்) இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். "வேண்டாம் சார், ரப்பரில் வெடிப்பு இல்லை, இன்னும் நன்றாக ஓடும். உங்கள் காசை ஏன் வீணாக்கணும்?" என்றார். வேலை வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக்கை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? சின்ன வேலையை விட்டுக்கொடுத்துப் பெரிய வேலைக்கு ஒப்புதல் வாங்குவதுதான் அவர்கள் வழி என்று இப்போது தெரிகிறது.

கன்வெர்ட்டர், பின்பக்க டிஸ்க், பேட், பிரேக் ஆயில் என்று பட்டியல் வந்தது. "பொருளை ஆர்டர் போடணும், முழுத் தொகையும் கட்டினால்தான் கிடைக்கும்" என்றார்கள். கட்டினேன். ஒரு மாதச் சம்பளம்.

கார் பளபளவென்று திரும்பி வந்தது. விளக்கும் அணைந்திருந்தது.

சோதனை மையத்தில், பிரேக் பிடிப்பை அளக்கும் உருளைகளில் (பிரேக் ரோலர்) ஏற்றியதுமே பிரச்சினை. பின்சக்கரங்கள் இரண்டும் சமமாகப் பிடிக்கவில்லை. அப்புறம் வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகினார்கள், "தயார் இல்லை" என்று வந்தது. எரர் கோடை அழித்தால் விளக்கு அணையும், ஆனால் கணினி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகளின் முடிவுகளும் கூடவே அழிந்துவிடும். இன்ஜின் ஆறிய நிலையில் கிளப்பி, நின்று நின்றும், பிறகு சீரான வேகத்திலும் ஓட்டினால்தான் அவை ஒவ்வொன்றாக மறுபடி முடியும். கன்வெர்ட்டரைப் பற்றிய சோதனை லேசில் முடியாது. அதனால் முந்தின நாள் எரர் கோடை அழித்துவிட்டு வந்த வண்டி இந்தக் கருவியில் மாட்டிக்கொள்ளும்.

லிஃப்டில் தூக்கிக் காட்டினார்கள். அதே பழைய கன்வெர்ட்டர், அதே துரு. போல்ட் தலைகளில் ஒட்டியிருந்த சேறுகூட உதிரவில்லை. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்தச் சேறு இருக்குமா? பின்பக்க பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பிரேக் ஆயில் கறுப்பாக இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது இங்கேதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். புது பிரேக் போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் குடும்பத்தோடு அந்த வண்டியில்தான் போய் வந்துகொண்டிருந்தோம். பணத்தை ஏமாற்றியதைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

செயலியில் கேட்டேன். "நாங்கள் இணைத்துவிடுபவர்கள் மட்டுமே, வேலைக்கு ஒர்க்‌ஷாப்தான் பொறுப்பு" என்று பதில் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "நீங்கள் பணம் கட்டியது செயலிக்கு, அங்கே பேசுங்கள்" என்றார்கள். கழற்றிய பழைய பேட் எங்கே என்றேன். தூக்கிப் போட்டுவிட்டார்களாம். வண்டியில் இருப்பதே அந்தப் பழைய பேட்தானே என்று படம் அனுப்பினேன். அதற்கு, "வேறு இடத்தில் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறீர்கள், அதனால் கேரண்டி செல்லாது." சோதனை மையத்தில் சக்கரத்தையே கழற்றவில்லை! அந்தப் பாஸ் கேரண்டியும், சோதனையில் தோற்றால் மறுசோதனைக் கட்டணத்தை மட்டும் தருவதாம், அதற்கும் அவர்கள் "ஆய்வு" செய்வார்களாம். ரசீதில் ஒரு பொருளுக்கும் பார்ட் நம்பர் இல்லை. "பாகங்களும் வேலையும்" என்று ஒரே வரி, எதிரே ஒரு மாதச் சம்பளம்.

வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கன்வெர்ட்டரில் கோளாறே இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் சைலன்சர் குழாய் இணைப்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய், காற்றுக் கசிவு. அந்தக் காற்று உள்ளே போய் புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரைக் குழப்பினாலும் இதே பி0420 வரும் என்றார். புகைக் கசிவைப் பார்க்காமல் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறவர் வேலை தெரியாதவர், இல்லாவிட்டால் திருடர். எனக்கு வந்தவருக்கு வேலை நன்றாகவே தெரியும்.

வண்டியைத் தயார் செய்வது பற்றிக் கடைசியில் எழுதுகிறேன் என்றேன், மறுசோதனைக்கு ஓட வேண்டியிருப்பதால் சுருக்கமாக. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கழற்றிய பழைய பாகங்கள் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். பார்ட் நம்பர் இல்லாத ரசீதை ஏற்காதீர்கள். எரர் கோடை அழித்தால், சோதனைக்கு முன் சில நாளாவது வண்டியை ஓட்டுங்கள், பிறகு கணினியின் சுயசோதனைகள் (ரெடினெஸ்) முடிந்ததா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பும்போது செக் இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே பிடுங்கியிருக்கலாம். டயர் மாற்றினால் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள், 3517 என்றால் 2017-இன் 35-வது வாரம். பணம் கட்டிய ஆதாரம், அரட்டை, படங்கள் எதையும் அழிக்காதீர்கள், நான் நுகர்வோர் புகாருக்கு அவற்றைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது இப்படி ஒரு செயலியிடமிருந்து பணம் திரும்பி வந்திருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.