பெரிய நாளிதழா, கறுப்பினப் பத்திரிகையா? பிலடெல்பியாவிலிருந்து ஓர் ஒப்பீடு

பிலடெல்பியாவில் இதழியல் படித்து முடித்த கறுப்பின இளைஞர் ஒருவர் ஊரைவிட்டுப் போகாமல் வேலை தேடினால், முதலில் கண்ணில் படுபவை இரண்டு வாசல்கள். ஒன்று, 1829-இல் தொடங்கிய 'பிலடெல்பியா இன்குயரர்' போன்ற பொது நாளிதழ். மற்றொன்று, கிறிஸ்டபர் ஜேம்ஸ் பெர்ரி 1884-இல் தொடங்கி இன்றளவும் இடையறாது வெளிவரும் 'பிலடெல்பியா டிரிப்யூன்' போன்ற, கறுப்பினத்தவரே உரிமையாளராக உள்ள பத்திரிகை. நான் கறுப்பினத்தவன் அல்லன். இங்கே குடியேறிய தமிழன். வேறொரு நகரத்தின் பொது நாளிதழில் ஆறு ஆண்டுகள், நிருபர்கள் அனுப்பும் காப்பியை, அதாவது செய்திப் பிரதியை, அச்சுக்கு முன் சரிபார்த்துத் தலைப்பிடும் இரவு டெஸ்க்கில் திருத்திவிட்டு, கறுப்பினக் குடும்பம் ஒன்று நடத்தும் சிறிய செய்தி நிறுவனத்துக்கு மாறியவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்: முதல் வேலைக்கு நான் கறுப்பினப் பத்திரிகையைத்தான் பரிந்துரைப்பேன்.

சம்பளத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பெரிய நாளிதழில் சம்பளம் அதிகம், தொழிற்சங்கம் உண்டு, மருத்துவக் காப்பீடு வலுவானது. நான் மாறியபோது மாத வருமானத்தில் விழுந்த துண்டை என் மனைவியின் சம்பளம்தான் மூடியது. கல்விக் கடனோடு தனியாக வாடகை கட்டும் ஒருவருக்கு அந்த வசதி இருக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு செய்திக்குக் கிடைக்கும் அவகாசமும் பெரிய நாளிதழில்தான் அதிகம். இன்குயரரில் 1962-இல் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து நிருபரான ஏசல் மூர், சக நிருபருடன் சேர்ந்து ஃபார்வியூ அரசு மனநல மருத்துவமனையின் கொடுமைகளைத் துருவி எழுதி 1977-இல் புலிட்சர் பரிசு பெற்றார். இருவரை ஒரே செய்தியின் பின்னால் நீண்ட நாட்கள் விட்டுவைக்கச் சிறிய பத்திரிகைக்கு ஆள் ஏது?

இவ்வளவுக்குப் பிறகும் நான் எதிர்ப்பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. நிருபர் எழுதியதற்கும் வாசகர் படிப்பதற்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதே அது. வேலைக்கு எடுக்கும்போது எல்லா நிறுவனங்களும் நிருபர்களைத்தான் எண்ணிக் காட்டுகின்றன. டெஸ்க்கை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் தலைப்பு அங்கேதான் பிறக்கிறது, சொல் அங்கேதான் மாறுகிறது.

நானே செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். பழைய வேலையில் ஓர் இரவு, துப்பாக்கிச் சூட்டில் இறந்த சிறுவனின் அடக்கத்தைப் பற்றி ஒரு கறுப்பின நிருபர் செய்தி அனுப்பியிருந்தார். தேவாலயத்திலிருந்து எல்லோரும் 'ரீபாஸ்ட்'டுக்குப் போனார்கள் என்று அதில் இருந்தது. வாசகருக்குப் புரியாதென்று நினைத்து, வரவேற்பு விருந்தைக் குறிக்கும் 'ரிசப்ஷன்' என்ற சொல்லை அந்த இடத்தில் போட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன். அடக்கம் முடிந்து உறவும் தெருவும் கூடி உண்ணும் அந்தச் சாப்பாட்டை அப்படி அழைப்பது, நம் ஊரில் கருமாதிச் சாப்பாட்டைக் கல்யாண விருந்து என்று எழுதுவதைப் போன்றது. மறுநாள் அந்த நிருபர் சண்டைக்கு வரவில்லை. அந்தத் தாயை அழைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாக மட்டும் சொன்னார். தவறு என்னுடையது, அதைச் சுமந்தவர் அவர். இந்தக் கூடுதல் வேலை எந்தப் பணி விவரத்திலும் இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அதைச் செய்து அலுத்துத்தான் பலர் கிளம்புகிறார்கள் என்பது, விடைபெறும்போது நண்பர்கள் என்னிடம் சொன்னதை வைத்து நான் அறிந்தது.

இதே கோளாறு பெரிய அளவில் நடந்ததை ஊரே பார்த்தது. போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலையைக் கண்டித்துப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த 2020 ஜூன் 2 அன்று, 'பில்டிங்ஸ் மேட்டர், டூ' (கட்டடங்களும் முக்கியம்) என்று இன்குயரர் ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டது. 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' என்ற, கறுப்பின உயிர்களுக்கான முழக்கத்தைக் கட்டடங்களுக்கு ஒட்டவைத்த தலைப்பு. கட்டுரையாளர் வைத்ததல்ல அது; டெஸ்க்கில் வைத்தது. இரண்டு நாட்களில், வெள்ளையரல்லாத செய்தியாளர்கள் பல பேர் 'உடம்பும் சரியில்லை, அலுத்தும் போய்விட்டது' என்று அறிவித்துவிட்டு வேலைக்கு வராமல் இருந்தார்கள். அதே வாரத்தில் நிர்வாக ஆசிரியர் ஸ்டான் விஷ்னாவ்ஸ்கியின் பதவி விலகல் அறிவிப்பு வெளிவந்தது. அந்த நாளிதழ் பின்னர், 2022-இல், தன் இன வரலாற்றையே ஆராயும் நீண்ட கட்டுரையைக் கறுப்பினப் பத்திரிகையாளர் வெஸ்லி லோவரியிடம் எழுதி வாங்கித் தானே வெளியிட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். எல்லா நிறுவனங்களும் அதற்குத் துணிவதில்லை. ஆயினும் மக்கள்தொகையில் ஏறத்தாழ 40 சதவீதம் கறுப்பினத்தவர் வாழும் நகரத்தில் அந்தத் தலைப்பு அச்சேறியது என்பதே என் கேள்வியின் எடையைக் காட்டுகிறது.

இது புதிய கேள்வியும் அல்ல. அமெரிக்கச் செய்தித்துறையின் ஆசிரியர் குழுப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு, மேற்பார்வைப் பொறுப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அமெரிக்க நகரக் கலவரங்களை ஆராய அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம் 1968-இல் எழுதியது. செய்தியாளர்களில் 6 சதவீதத்தினரே கறுப்பினத்தவர் என்று 2022-இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டும் ஒரே முறையில் எண்ணியவை அல்ல. என்றாலும் நடுவில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியிருக்கிறது.

'சிறிய பத்திரிகையின் பைலைனுக்கு, அதாவது செய்தியின் மேல் வரும் நிருபர் பெயருக்கு, வெளியில் மதிப்பில்லை, பிறகு மேலே போக முடியாது' என்பது வழக்கமாக வரும் மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சிறிய இடத்தில் மூன்றே ஆண்டுகளில் நகர மன்றம், பள்ளி வாரியம், நீதிமன்றம் மூன்றையும் பார்த்துவிட முடிகிறது. எங்கள் அலுவலகத்தில் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் தன் செய்திக்குத் தலைப்பைத் தானே எழுதி, பக்கத்தையும் தானே முடிக்கிறார். பெரிய நாளிதழில் அந்த நாற்காலிக்கு வர அவருக்குப் பத்தாண்டு பிடித்திருக்கும்.

தோழமை என்று வரும்போது மட்டும் என் கட்சி சற்றுத் தளர்கிறது. பிலடெல்பியா கறுப்பின இதழாளர் சங்கம் 1973-இல் உருவானபோது அதன் முன்னணியில் நின்ற ஏசல் மூர், சக் ஸ்டோன், கிளாட் லூயிஸ் மூவரும் பொது நாளிதழ்களில் வேலை பார்த்தவர்கள். அலுவலகத்தில் கிடைக்காத துணையை வெளியில் கட்டிக்கொண்டார்கள். 1975 டிசம்பர் 12 அன்று வாஷிங்டனில் 44 பேர் கூடித் தேசியக் கறுப்பின இதழாளர் சங்கத்தைத் தொடங்கியபோது முதல் தலைவரானவரும் சக் ஸ்டோன்தான். எந்த வாசலில் நுழைந்தாலும் இந்தச் சங்கம் திறந்தே இருக்கிறது என்பதால், துணைக்காக மட்டும் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை.

தொலைக்காட்சியில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. பிலடெல்பியாவின் முதல் கறுப்பினத் தொலைக்காட்சி நிருபரான ட்ரூடி ஹேன்ஸ் 1965-இல் கேஒய்டபிள்யூ நிலையத்தில் திறந்த வழியில் இன்று நடப்போருக்கு என் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டேன். கறுப்பினத்தவர் உரிமையில் உள்ள டபிள்யூயுஆர்டி பேச்சு வானொலியையும் நேயராக மட்டுமே அறிவேன். காலை நேரத்தில் அழைத்துப் பேசும் முதியவர்கள் நிகழ்ச்சி நடத்துபவரையே திருத்துவார்கள், அங்கே அவர்கள்தான் டெஸ்க் என்று தோன்றும்.

கடன் அழுத்துகிறது என்றால் பெரிய நாளிதழில் சேருவதில் தவறில்லை. நேர்காணலின் இறுதியில் 'உங்களுக்குக் கேள்வி ஏதும் உண்டா' என்பார்கள். இரவு பதினொரு மணிக்கு என் காப்பியின் தலைப்பை மாற்றும் அதிகாரம் யாருக்கு, மாற்றும் முன் என்னை அழைப்பார்களா என்று கேளுங்கள்; பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதையும் கவனியுங்கள்.