சட்டம் படிக்க எங்கே போவது? உள்ளூரில் மூன்று வாசல், கடல் தாண்டி ஒன்று

சிங்கப்பூரில், மாதம் இரண்டு வியாழக்கிழமை மாலைகளில் ஒரு சமூக மன்றத்தில் இலவச சட்ட ஆலோசனைக்காக உட்காருகிறேன். போன மாதம் ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் விவாகரத்து மனு, வங்கிக் கடிதங்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடிதம் எல்லாம் நான்காக மடித்துக் கிடந்தன. பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு மகள். தொடக்கநிலை ஆறு படிக்கிறாளாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வேறோர் இடத்தில் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்த வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அப்பா தன் மனுவில் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் அந்தப் பிள்ளைதான் வரி வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறாள். "சேர்ந்து வாழ முடியாத நடத்தை" என்று வரும் இடத்தில் வார்த்தை கிடைக்காமல், "நீங்க கெட்டவங்கன்னு போட்டிருக்கும்மா" என்று சொல்லிவிட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அம்மா அழவில்லை. மகள்தான் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதே வாரக் கடைசியில் தேக்கா சந்தையில் தெரிந்த ஓர் அண்ணன் என்னை நிறுத்திக் கேட்டார். "பையன் லா படிக்கணும்கிறான். என்யுஎஸ்ஸா, எஸ்எம்யுவா? இல்ல, கடன உடன வாங்கியாவது லண்டனா?" மூன்றாவது உள்ளூர்ச் சட்டப் பள்ளியின் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. அந்த அம்மாவின் மேசைக்கு எதிரே உட்காரத் தோதான வழக்கறிஞர்களை உருவாக்கவென்றே தொடங்கிய பள்ளி அதுதான். அண்ணனுக்கு நின்றபடியே பாதிப் பதில் சொன்னேன். முழுப் பதிலும் இங்கே.

முதலில் என்யுஎஸ், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகமாக இருந்த காலத்தில், 1957இல், முதல் சட்ட மாணவர்கள் இங்கே சேர்ந்தார்கள். 1961இல் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். 1957இலிருந்து 2007 வரை, ஐம்பது வருடம், சிங்கப்பூருக்கு இருந்த ஒரே சட்டப் பள்ளி இதுதான். நீதிமன்றத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதன் பழைய மாணவர்கள் இருப்பதற்குக் காரணம் அதுதான். தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன், பல வருடம் சட்ட அமைச்சராக இருந்த கா. சண்முகம் இருவரும் இங்கே படித்தவர்கள். துணைப் பிரதமராக இருந்த பேராசிரியர் எஸ். ஜெயக்குமார் 1974 முதல் 1980 வரை இங்கே டீனாக இருந்தார். நம் வீடுகளில் சட்டம் என்றாலே என்யுஎஸ் என்று பதிந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. சட்டக் கோட்பாடு, அரசமைப்பு, அனைத்துலகச் சட்டம் என்று ஆழமாக இறங்க ஆசைப்படும் பிள்ளைக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் கதவு குறுகல். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ நிலைத் தேர்வில் ஏ-க்களாக வாங்கியவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு மேல் எழுத்துத் தேர்வு, நேர்காணல் வேறு.

எஸ்எம்யு, சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம். இதன் சட்டப் பள்ளி 2007இல் வந்தது. மதிப்பெண் எதிர்பார்ப்பில் இரண்டுக்கும் இப்போது பெரிய வித்தியாசம் கிடையாது. பாடம் நடக்கும் விதத்தில்தான் வித்தியாசம். பெரிய விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ள முடியாது. சின்ன வகுப்பு, பேசினால்தான் மதிப்பெண். அமைதியான பிள்ளைகளுக்கு முதல் வருடம் கஷ்டம். ஆனால் நான் பார்த்தவரை, பேசத் தயங்கி உள்ளே போன பிள்ளைகளில் பலர் வெளியே வரும்போது யார் முன்னாலும் எழுந்து நின்று பேசுகிறார்கள். நகர நடுவில், ஆர்மேனியன் ஸ்திரீட்டில் கட்டடம். உச்ச நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். வணிகச் சட்டம், பெரிய நிறுவனங்கள் என்று ஏற்கெனவே மனதில் தீர்மானம் உள்ளவருக்கு இந்த இடம் பொருந்தும். வேறு பட்டம் முடித்துவிட்டுச் சட்டத்துக்கு வருபவர்களுக்கும் இங்கே ஜேடி (Juris Doctor) என்ற சட்டப் படிப்பு இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ளும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டிலும் இடம் கிடைத்தால், பிள்ளையை இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போய் ஒவ்வொரு வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள். எது பிடிக்கிறது என்று பிள்ளையே சொல்லும். வேலைக்கு எடுக்கும்போது இந்த இரண்டில் எதில் படித்தாய் என்பதை வைத்து நான் யாரையும் ஒதுக்கியதில்லை.

அடுத்து வெளிநாடு. இங்கேதான் நம்மவர்கள் பணத்தை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். பிரிட்டனில் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் இங்கே வந்து வழக்காடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற 19 பல்கலைக்கழகங்கள் 2016 சேர்க்கையிலிருந்து 11 ஆகக் குறைந்தன. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, யுசிஎல், கிங்ஸ், குவீன் மேரி, டரம், பிரிஸ்டல், பர்மிங்ஹம், நாட்டிங்ஹம், வாரிக் ஆகியவை நின்றன. மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்ட் போன்ற நல்ல பெயர்கள்கூட வெளியே போயின. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்காவிலும் குறிப்பிட்ட சில மட்டும்தான். முழுநேரமாக அங்கேயே போய்ப் படித்திருக்க வேண்டும். இங்கே இருந்தபடி எழுதும் லண்டன் வெளிவாரிப் பட்டம் இதற்கு உதவாது. பட்டத்தில் குறைந்தபட்ச வகுப்பும் வாங்க வேண்டும். பணம் கட்டும் முன் அந்த வருடத்துப் பட்டியலைச் சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள். முகவர் சொன்னார் என்பது போதாது.

இந்தியாவில் படித்துவிட்டு வரலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. நம் தண்டனைச் சட்டமே 1871இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது, சாட்சியச் சட்டமும் அங்கிருந்து வந்ததுதான். 2024இல் இந்தியா தன் தண்டனைச் சட்டத்தை மாற்றும் வரை, கொலைக்கான பிரிவின் எண் கூட இரண்டிலும் 300தான். இருந்தாலும் சென்னைப் பட்டம் இங்கே செல்லாது. விஷயம் தெரியாமல் ஐந்து வருடம் அங்கே போய்ப் படித்துவிட்டு வந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். இப்போது ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறான். அவன் அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்ல யாரும் இருந்திருக்கவில்லை.

செலவையும் பார்ப்போம். உள்ளூரில் அரசாங்க மானியம் போக வருடத்துக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் வரும். அதற்கு அப்பா அம்மாவின் மசேநி (மத்திய சேம நிதி) பணத்திலிருந்து கல்விக் கடன் எடுக்கலாம். லண்டனில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு இருபதாயிரம் பவுண்டைத் தாண்டும். அப்புறம் வாடகை, சாப்பாடு. மசேநி அங்கே போகாது. திரும்பி வந்ததும், வழக்கறிஞராவதற்கான பார் தேர்வில், உள்ளூர் மாணவர்கள் எழுதத் தேவையில்லாத 'ஏ' பகுதியையும் எழுத வேண்டும். இங்கிலாந்தில் படித்த குற்றவியல் சட்டமும் நிலச் சட்டமும் நம்முடையவை அல்ல, அதனால்தான் இந்தத் தேர்வு. பணம் இருக்கிறது, ஆக்ஸ்ஃபர்ட் அழைக்கிறது என்றால் தாராளமாகப் போகட்டும். ஆனால் வீட்டை அடகு வைத்துப் போகும் அளவுக்கு இந்தப் பாதை எதையும் கூடுதலாகத் தருவதில்லை. இது என் உறுதியான கருத்து.

இப்போது அண்ணன் விட்டுவிட்ட மூன்றாவது பெயர். எஸ்யுஎஸ்எஸ், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். நம் தமிழாசிரியர்கள் பலர் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்ப் பட்டம் வாங்கிய அதே இடம். இங்கே சட்டப் பள்ளி 2017 ஜனவரியில் சுமார் அறுபது மாணவர்களோடு தொடங்கியது. குற்றவியல், குடும்பச் சட்டம் இரண்டிலும் வழக்கறிஞர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், இருப்பவர்களுக்கும் வயதாகிறது, இளையவர்கள் பெரிய நிறுவனங்களைத் தேடிப் போகிறார்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை வேண்டுமென்றே இப்படி வடிவமைத்தார்கள். மற்றப் பள்ளிகளில் குடும்பச் சட்டத்தைத் தொடாமலே பட்டம் வாங்கலாம். இங்கே அதுதான் முதுகெலும்பு. போலிஸ் அதிகாரி, சமூக ஊழியர், வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் என்று ஏற்கெனவே வாழ்க்கையைப் பார்த்தவர்களை இந்தப் பள்ளி தேடி எடுக்கிறது.

"அது பார்ட் டைம் மாதிரி தானே?" என்று முகம் சுளிப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு அது வலிக்கிறது. விவாகரத்து, பிள்ளைப் பராமரிப்பு, வீட்டு வன்முறைப் பாதுகாப்பு ஆணை, போதைப்பொருள் வழக்கு: நம் சமூகத்தில் வழக்கறிஞரைத் தேடி ஓடும் நாள்களில் பெரும்பாலும் கையில் இருப்பது இவைதான். கம்பெனி இணைப்புக்கு யாரும் பிளாஸ்டிக் பையோடு சமூக மன்றத்துக்கு வருவதில்லை. அந்த மாலை எனக்கு எதிரே இருந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டவர், தமிழில் கேட்டு, அந்தப் பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டு, "அந்த வார்த்தைக்கு நீங்கள் கெட்டவர் என்று பொருள் இல்லை" என்று சொல்லத் தெரிந்த ஒருவர்.

வேலையும் இருக்கிறது. சிவில் வழக்குகளுக்கு 1958 முதல் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. குற்ற வழக்குகளில் வசதியில்லாதவர்களுக்காக அரசாங்கச் செலவில் வாதாடும் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் 2022 டிசம்பரில் வந்தது. சம்பளம் ராஃபிள்ஸ் பிளேஸ் வணிக வட்டாரத்துப் பெரிய நிறுவனங்களின் அளவுக்கு வராது. அதை மறைத்துப் பேச மாட்டேன். வேலை, குடும்பம், படிப்பு மூன்றையும் சேர்த்துச் சுமந்து நடுவில் களைத்துப்போனவர்களும் உண்டு.

எங்கே படித்தாலும் கடைசியில் எல்லாரும் சேரும் இடம் ஒன்றுதான்: பார் 'பி' பகுதித் தேர்வு, அப்புறம் தொழிற்பயிற்சி. 2024இலிருந்து பயிற்சி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடமாகியிருக்கிறது. 2020இல் இணையம் வழி நடந்த 'பி' தேர்வில் ஆறு பயிற்சி வழக்கறிஞர்கள் ஏமாற்றியது 2022இல் தெரியவந்தது. ஐந்து பேர் வாட்ஸ்அப்பில் விடைகளைப் பகிர்ந்திருந்தார்கள். தொழிலில் சேர ஐவருக்கு ஆறு மாதமும் ஒருவருக்கு ஒரு வருடமும் தள்ளிப்போனது. அந்தச் செய்தி வந்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. வழக்கறிஞரின் சொல்லை நீதிபதி நம்புகிறார், கட்சிக்காரர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும் பெற்றோர் இதையும் ஒரு நாள் வீட்டில் பேச வேண்டும்.

சரி, அண்ணனின் பையனுக்கு வருவோம். அவன் மதிப்பெண்ணைக் கேட்டேன், வயதைக் கேட்டேன். இருபத்து நான்கு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சமூகப் பணி டிப்ளோமா, தேசிய சேவை முடித்தாயிற்று, இரண்டு வருடமாகக் குடும்பச் சேவை நிலையத்தில் வேலை. "இத முதல்லயே சொல்லலயே அண்ணே" என்றேன். "அது சும்மா வேலதானேம்மா, அத எதுக்குச் சொல்றது" என்றார். அந்தச் சும்மா வேலைதான் எஸ்யுஎஸ்எஸ் நேர்காணலில் அவனுக்குக் கைகொடுக்கப் போகிறது என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. கையிலிருந்த கீரைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டே, பையனிடம் பேசிவிட்டு அழைக்கிறேன் என்றார்.

அடுத்த வியாழக்கிழமை ஏழு மணிக்குப் பையனைச் சமூக மன்றத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பின்னால் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். வருபவர்கள் அனுமதித்தால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்கட்டும். விண்ணப்பம் எழுதுவதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.