மீன் குழம்பு அருமை, ஆனால் மான் இறைச்சி விற்பதை நிறுத்தும் வரை நான் போகமாட்டேன்

திருகோணமலையில் நிலாவெளி வீதியில் இருக்கிற ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை, சொல்ல வேண்டியதை முதலாளியிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் சாப்பாடு. பாரை மீன் குழம்பு நல்ல உறைப்பும் புளிப்புமாக, தேங்காய்ப்பால் அளவாக விட்டு வைத்திருந்தார்கள், மீன் அன்று காலையில் கரைக்கு வந்தது என்பது வாயில் வைத்ததுமே தெரிந்தது. கணவாய்தான் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது. சொதி, முருங்கையிலை வறை, பொரித்த மிளகாய் எல்லாம் கேட்கக் கேட்க வந்தன. இடமும் துப்புரவு.

பிரச்சினை அப்புறம்தான். பரிமாறுகிற தம்பி குனிந்து, "அக்கா, மான் இறைச்சி இருக்கு, வேணுமெண்டா சொல்லுங்கோ" என்றான். கல்லாவுக்கு மேலே இயேசுவின் திருஇருதயப் படம், முன்னால் விளக்கு எரிகிறது. எழும்பிப் போய் முதலாளியிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஏசா வேட்டையாடிக் கொண்டு வந்த இறைச்சியை ஈசாக்கு ஆசையாய்ச் சாப்பிட்டவர்தானே அக்கா, கடவுள் வேண்டாமெண்டு சொல்லேல்லையே" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை, ஈசாக்கும் அவர் மகன் ஏசாவும் விவிலியத்தின் தொடக்கநூலில் வருகிறவர்கள். அதே விவிலியத்தின் இணைச்சட்டம் என்ற நூலில், 14ஆம் அதிகாரத்தில் உண்ணத்தக்க விலங்குகளில் மானும் வருகிறது, நானும் இறைச்சி சாப்பிடுகிறவள்தான். ஆனால் மற்றப் பக்கங்களையும் வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் கடவுள் மனிதனுக்கு உணவாகக் கொடுத்தது செடியும் கனியும். இறைச்சிக்கு அனுமதி கிடைத்தது வெள்ளப்பெருக்குக்குப் பிறகு, நோவாவுக்கு, அதுவும் இரத்தத்தோடு உண்ணாதே என்ற கட்டளையோடு. விவிலியத்தின் இன்னொரு நூலான லேவியர் 17:13 வேட்டைக்காரனுக்கே சொல்கிறது: இரத்தத்தை நிலத்தில் ஊற்றி மண்ணால் மூடு. கொன்றவன் அந்த இடத்தில் நின்று, இந்த உயிர் என்னுடையது இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்காதே என்கிறது இணைச்சட்டம் 22. இரண்டு காசுக்கு விற்கிற ஐந்து குருவிகளில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொன்னது லூக்கா 12இல் இருக்கிறது. தேவையில்லாமல் விலங்குகளை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில் நேராகவே சொல்கிறது.

நம் காடுகளில் மான் பிடிபடுவது பெரும்பாலும் கம்பிச் சுருக்கிலும், மிருகம் தட்டினால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கிலும். சுருக்கில் மாட்டின மிருகம் உடனே சாகாது, இழுக்க இழுக்கக் கம்பி இறுகி, தசையை அறுத்து, ஆள் வந்து பார்க்கும் வரை துடித்துக்கொண்டே கிடக்கும். மாட்டினது சினைமானா, பால் கொடுக்கிற தாயா என்று கம்பிக்குத் தெரியாது, சிறுத்தைகளும் இப்படித்தான் சாகின்றன. இவ்வளவு மீன் கரைக்கு வருகிற திருகோணமலையில், விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ருசி காட்ட இந்த வதை என்ன தேவைக்கு? மானையும், மரை என்கிற பெரிய மானையும் வேட்டையாடுவது சட்டப்படியும் குற்றம். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் மேய்கின்றன, நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

யோசிக்கிறேன் என்றார் முதலாளி, முகத்தைப் பார்த்தால் உண்மையாகத்தான் சொன்னார் போலிருந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஆனால் அந்த இறைச்சி நிற்கும் வரை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு அங்கே போகமாட்டேன். அந்தப் பக்கம் எந்தக் கடையிலும் யாராவது காதருகே வந்து காட்டு இறைச்சி வேணுமா என்று கேட்டால், பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் அவர்களும் கொண்டுவர மாட்டார்கள்.