எரிக்காமல் நிலக்கரியை என்ன செய்யலாம்?

உலகம் ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி தோண்டுகிறது. நிலக்கரியிலிருந்தும் நூற்கக்கூடிய, எடை குறைந்த உறுதியான நூலான கார்பன் இழையின் உலகச் சந்தை மொத்தமும் லட்சம் டன் கணக்கில்தான் ஓடுகிறது. "எரிப்பதை நிறுத்திவிட்டு இழை நூற்கலாமே" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சுரங்கத்தைக் காலி செய்யும் வழி எது என்று தேடினால் ஏமாற்றம்தான். தோண்டியதில் எது உருப்படியான சரக்காகிறது என்று பார்த்தால் பேச விஷயம் இருக்கிறது.

எரிக்காத வழிகளில் நிலக்கரியை அதிகம் விழுங்குவது வாயுவாக்கம். நீராவியும் ஆக்சிஜனும் செலுத்தி நிலக்கரியைக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக உடைக்கிறார்கள். அதிலிருந்து மெத்தனால், அப்புறம் எத்திலீன், கடைசியில் பிளாஸ்டிக். அமெரிக்காவின் கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மன் நிறுவனம் 1983-லேயே இந்த வாயுவை வைத்து அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனம் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. சீனாவின் பாவ்தோவில் 2010-ல் ஆண்டுக்கு 6 லட்சம் டன் ஒலிஃபின் (எத்திலீன் வகையறா) தரும் ஆலை வந்தது. தொழில்நுட்பத்தில் குறையில்லை, சிக்கல் ஹைட்ரஜனில். ஒலிஃபினில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் வேண்டும்; நிலக்கரியில் ஒன்றுகூட முழுசாகத் தேறாது. மீதியைத் தண்ணீரிலிருந்து பிடுங்க வேண்டும். அப்படிப் பிடுங்கும் ஒவ்வொரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கும் ஒரு கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். எரிபொருள் அல்லாத பயன் என்று பெயர் வைத்தாலும், என் கணக்கில் இது பாதி எரிப்புதான்.

தண்ணீரையும் காற்றையும் சுத்தம் செய்யும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனில் கதை வேறு. இங்கே நிலக்கரியின் உடம்பே சரக்கு. 800 முதல் 1000 டிகிரி சூட்டில் நீராவி பட்டால் அது உள்ளுக்குள் அரிபட்டு நுண்துளை மயமாகிறது. 1 கிராமுக்குள் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு. உலர்ந்த கரித் துகளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் மெல்லச் சீறும், குமிழிகள் மேலே வரும். துளைகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. இரண்டு சொட்டு மை விட்டுக் கலக்கி வைத்தால் நேரம் ஆக ஆக நிறம் வெளுக்கும். போட்டிக்குத் தேங்காய் ஓட்டுக் கரி இருக்கிறது. அதன் துளைகள் மிகச் சிறியவை, வாயுக்களைப் பிடிக்க அது கெட்டி. தண்ணீரில் நிறமேற்றும் பெரிய மூலக்கூறுகளுக்கு நிலக்கரியின் அகலத் துளைகள்தான் தோது. பரபரப்பே இல்லாத தொழில். ஆனால் உண்மையாக நடக்கிற தொழில்.

பழுப்பு நிலக்கரியைக் காரத்தில் ஊறவைத்து ஹ்யூமிக் அமிலம் எடுத்து மண்ணுக்கு இடுவதும், கரைப்பான் கொண்டு மொன்டான் மெழுகு எடுத்து பாலிஷில் சேர்ப்பதும் இதே ரகம். சின்ன வியாபாரம், ஆர்ப்பாட்டம் இல்லை.

எல்லா நிலக்கரியும் எல்லாவற்றுக்கும் ஆகாது. டிஎன்ஏ ஆய்வால் நாம் அறிந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அதற்கு முன் நிலக்கரியின் துளைகளை ஆராய்ந்தவர். சில வகைக் கார்பன் சூட்டில் கிராஃபைட்டாக மாறும், சில வகை 3000 டிகிரியிலும் மசியாது என்று 1951-ல் அவர் பிரித்துக் காட்டினார். சூடேறும்போது இளகி ஓடினால் அடுக்குகள் வரிசைக்கு வரும். விறைப்பாகவே நின்றால் வராது.

இளகி ஓடுவதில் கைதேர்ந்தது தார். எஃகு ஆலைக்கு வேண்டிய கோக்குக்காக நிலக்கரியைக் காற்றில்லாமல் சுடும் கோக் உலையில் 1 டன் நிலக்கரிக்கு 30, 40 கிலோ கிடைக்கும். அந்துருண்டையின் நாப்தலீனும், 1856-ல் வில்லியம் பெர்க்கின் கண்ட ஊதாச் சாயமும் இதன் வழி வந்தவையே. தாரை வடித்தபின் அடியில் தங்கும் பிட்ச்தான் இன்று முக்கியம். அலுமினிய ஆலையில் மின்சாரம் செலுத்தும் கார்பன் கட்டிகளான ஆனோடுகளை ஒட்டவைப்பது அது. 1 டன் அலுமினியம் எடுப்பதற்குள் 400 கிலோ அளவுக்கு ஆனோடு கரைந்துவிடுகிறது. பிட்சைப் பக்குவப்படுத்தினால் அடுக்குகள் வரிசையாக அமைந்த ஊசிக் கோக், அதிலிருந்து மின்சாரத்தால் எஃகு உருக்கும் மின்வில் உலைக்கான கிராஃபைட் மின்முனை. கார்பன் இழையும் இதே பிட்சில் நூற்கலாம். அப்படி நூற்றதில் உயர்ரகம் விறைப்பில் எஃகைப் போல நாலு மடங்கு.

வேடிக்கை இங்கேதான். எஃகுத் தொழில் கோக்கை எரிக்கும் ஊதுலையிலிருந்து மின்வில் உலைக்கு மாறினால் கோக் உலைகள் குறையும், தாரும் குறையும். அதே நேரத்தில் மின்முனைகளின் தேவை ஏறும். பெட்ரோலிய எச்சத்திலிருந்தும் ஊசிக் கோக் வரும் என்பது உண்மை. ஆனாலும் நிலக்கரியை நேரடியாகச் சூடான எண்ணெயில் கரைத்துப் பிட்ச் எடுக்கும் வழிக்கு இதனால் ஒரு காரணம் கிடைக்கிறது. பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதில்தான் கட்டுவேன், கொஞ்சமாக. தொந்தரவு சாம்பல். நிலக்கரியோடு பிறந்த தாதுத் தூள் கரைசலில் அப்படியே மிதக்கும். இழையின் தடிமன் 10 மைக்ரான் அளவு. அதற்குள் ஒரு சாம்பல் துகள் சிக்கினால் நூல் அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.