வன்னிக் காலநிலையில் கிற்றார் மரங்கள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சியில், தேவாலயப் பாடகர் குழுவுக்கும் வீட்டுப் பயிற்சிக்குமாக, பல ஆண்டுகளாக இரண்டு கிற்றார்களை வாசித்துவருகிறேன். ஒன்று சிட்கா ஸ்ப்ரூஸ் மர மேற்பலகையும் (தந்திகளுக்குக் கீழே உள்ள முன்பக்கப் பலகை) மஹோகனி உடலும் கொண்ட உருக்குத் தந்திக் கிற்றார்; மற்றையது செடார் மேற்பலகையும் ஈட்டிமர உடலும் கொண்ட நைலோன் தந்திக் கிற்றார். விற்பனையாளர்கள் பின்பலகை மரத்தையே அதிகம் புகழ்கிறார்கள். ஆனால் வன்னியில் கிற்றார் வாங்குபவர் முதலில் ஆராயவேண்டியது மேற்பலகையையும், அது நம் வறட்சியையும் மாரியையும் எவ்வளவு தாங்கும் என்பதையுமே என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது மேற்பலகைதான் என்பதைக் காட்டுவதற்காக, ஸ்பானியக் கைவினைஞர் அன்ரோனியோ டி டொரெஸ் 1862 இல் பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிற்றாரை உருவாக்கினார். 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், பின்பலகை மரத்தில் மட்டும் வேறுபட்ட 6 கிற்றார்களை 52 கலைஞர்கள் மங்கலான வெளிச்சத்தில் வாசித்தபோது, விலையுயர்ந்த பிரேசில் ரோஸ்வூட்டுக்கும் மலிவான சப்பெலி மரத்துக்கும் பெரிய தர வேறுபாட்டை அவர்கள் உணரவில்லை.

மேற்பலகை மாறும்போது வேறுபாடு கைக்கே தெரிகிறது. செடார் மெல்லிய விரல் தொடுகைக்கும் உடனே இசைந்து கனிந்த ஒலி தரும்; பலமாக மீட்டினால் ஓர் எல்லைக்கு மேல் ஒலி கலங்கிவிடும். ஸ்ப்ரூஸ் அப்படியல்ல, தகரக் கூரையின் கீழ் நாற்பது பேர் பாடும்போதும் அதன் ஒலி தெளிவாக மேலெழும். செடார் மென்மையானது, நகம் பட்டாலே தழும்பு விழும் என்பதையும் கவனத்திற் கொள்ளவேண்டும்.

கிற்றாருக்கு உகந்த ஈரப்பதன் 45 முதல் 55 சதவீதம் வரை என்பார்கள். சோளகக் காற்று வீசும் ஆவணியில் மேற்பலகை சற்றுத் தாழ்ந்து தந்திகள் விரற்பலகையில் பதித்த பிரெட் கம்பிகளில் உரசி இரைகின்றன. விரற்பலகை சுருங்குவதால் கம்பிகளின் நுனிகள் உள்ளங்கையைக் கீறுகின்றன. கார்த்திகை மழையில் அதே பலகை ஊதி, தந்தியின் உயரம் கூடி, விரல் வலிக்கிறது. தனிப்பலகையாலான, அதாவது அடுக்குகளாக ஒட்டாத முழுமரப் பலகையாலான, கிற்றார்களில் இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரியும். ஆகவே வறண்ட மாதங்களில் ஈரமான பஞ்சைத் துளையிட்ட டப்பாவிலிட்டும், மாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளை இட்டும், என் கிற்றார்களைக் கடினப் பெட்டியில் பூட்டிவைக்கிறேன். மஹோகனி உடல் இத்தனை பருவங்களிலும் ஒரு வெடிப்பும் காணவில்லை. அந்த மரத்தின் மேல் எனக்கு மதிப்புக் கூடிக்கொண்டே போகிறது.

புலம்பெயர்ந்த உறவினர்கள் கிற்றார் கொண்டுவருவது இங்கு வழமை. ஈட்டி உட்பட அதன் பேரினத்து மரங்கள் யாவும் 2017 இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் கீழ் உள்ளன. 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்துமுடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. அதே பேரினத்தைச் சேர்ந்த பிரேசில் ரோஸ்வூட்டுக்கு இவ்விலக்கு இல்லை.

நம் காட்டு முதிரையில் கிற்றார் செய்யலாமா என்று மரவேலை தெரிந்த இளைஞர்கள் கேட்கிறார்கள். முதிரை கன மீற்றருக்கு ஏறத்தாழ 900 கிலோ. சிட்கா ஸ்ப்ரூஸ் அதன் பாதியளவுகூட இல்லை. மேற்பலகை இலேசாகவும் விறைப்பாகவும் இருந்தால்தான் தந்தியின் சிறு அதிர்வுக்கும் அசையும். ஆதலால் முதிரை அதற்கு ஆகாது. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் முயன்று பார்க்கத் தகுந்தது. விரற்பலகைக்குப் பெயர்போன கருங்காலி நம் காடுகளிலும் வளர்கிறது, ஆனால் அது பாதுகாக்கப்பட்ட மரம், அதைத் தறிப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது.

புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு, மெல்லிய மரத்தகடுகளை அடுக்கி ஒட்டிய ஒட்டுப்பலகைக் கிற்றாரையே பரிந்துரைக்கிறேன். ஒலி சற்று அடங்கியிருந்தாலும் பருவ மாற்றத்தை அது நன்றாகத் தாங்குகிறது. தனிப்பலகைக்கென்று கூடுதல் பணம் கேட்டால், ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேற்பரப்பின் மரவரிகள் வெட்டுமுகத்திலும் தடையின்றித் தொடரவேண்டும், அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை.