வாக், டோன்ட் ரன்: பாதி வீட்ல பாதிய உள்வாடகைக்கு விட்ட பெருசு

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூக்கமும் வராம 1966ல வந்த இந்த படத்தை போட்டேன், பழைய ஹாலிவுட் ஹீரோ கேரி கிராண்ட் நடிச்ச கடைசி படம், அதுக்காகவே ரொம்ப நாளா பாக்கணும்னு வச்சிருந்தது.

கதை நடக்குறது டோக்கியோல, 1964 ஒலிம்பிக்ஸ் டைம். ஊர் முழுக்க கூட்டம், எந்த ஹோட்டல்லயும் ரூம் இல்ல. நம்மாளு சர் பட்டம்லாம் வாங்குன பிரிட்டிஷ் தொழிலதிபர், ரெண்டு நாள் முன்னாடியே வந்து இறங்கிட்டு தங்க இடமில்லாம அலையறார். கடைசில ஒரு பொண்ணு (சமந்தா எகர்) வீட்டை ஷேர் பண்ண ஆள் தேடுதுன்னு தெரிஞ்சு அங்க போய் நிக்கிறார், அது எதிர்பாத்தது இன்னொரு பொண்ணை, ஆனா பெருசு பேசிப் பேசியே உள்ள பூந்துடும். அதோட விட்டாரா, இடமில்லாம திரியற அமெரிக்க ஒலிம்பிக் வீரன் ஒருத்தனை (ஜிம் ஹட்டன்) கூட்டிட்டு வந்து தன்னோட பாதில பாதிய அவனுக்கு உள்வாடகைக்கு விட்டுடறார், அந்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இடம் கொடுத்தா மடத்தை பிடுங்குறதுன்னா இதான்.

படத்தோட உயிரே காலைல நடக்குற கூத்துதான். பாத்ரூமுக்கு யார் எப்போ போகணும், காபி யார் போடணும்னு அந்த பொண்ணு நிமிஷக் கணக்குல டைம்டேபிள் வச்சிருக்கும், பெருசு தலைய தலைய ஆட்டிட்டு மறுநாள் காலைல எல்லாத்தையும் சொதப்பும். ரூம் ஷேர் பண்ணி இருந்தவங்களுக்கு சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். நடுவுல தன்னோட பழைய பட ட்யூனையே ஹம் பண்ணிட்டு திரிவார் பாருங்க, செம குசும்பு.

படம் வந்தப்ப அவருக்கு வயசு 62. ஹீரோயினை லவ் பண்ணல சார், தூதரகத்துல வேலை பாக்குற ஒரு அசமந்தத்துக்கு நிச்சயமாகியிருக்குற அந்த பொண்ணை இந்த பையனோட சேத்து வைக்குறதுதான் அவர் வேலை. நம்ம ஹீரோக்கள் யாராவது இதை கொஞ்சம் பாத்தா தேவல.

போலீஸ் ஸ்டேஷன், உளவாளின்னு சந்தேகம், பேருக்கு ஒரு கல்யாணம்னு கதை வீட்டை விட்டு வெளிய போனதுமே தொய்வு, கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஓடணும்னு அவசியமே இல்ல. அந்த பையன் என்ன போட்டில கலந்துக்குறான்னு யார் கேட்டாலும் மழுப்பிட்டே இருப்பான், டைட்டிலை ஒழுங்கா படிச்சிருந்தா எனக்கு முன்னாடியே வெளங்கியிருக்கும். போட்டி நடக்குறப்ப பெருசு ஜட்டி பனியனோட டோக்கியோ ரோட்ல அவன் பக்கத்துலயே விறுவிறுன்னு நடந்துட்டே பஞ்சாயத்து பண்ற சீனுக்காக மத்ததை மன்னிச்சுட்டேன்.

இது ரீமேக்தான். ஒரிஜினல் 1943ல வந்த 'தி மோர் தி மெரியர்', யுத்த கால வாஷிங்டன்ல நடக்கும், இதே பெருசு வேஷத்துக்கு சார்லஸ் கோபர்னுக்கு ஆஸ்கர் கிடைச்சுது. ஒண்ணுதான் பாக்க டைம் இருக்குன்னா கருப்பு வெள்ளையவே பாருங்க, அதுல லவ் சீன்ல நிஜமாவே சூடு இருக்கும், இதுல ஜோடி சும்மா அழகா நிக்குது அவ்ளோதான். கிராண்ட் பிடிக்கும்னா மட்டும் இது, அதுவும் மொத ஒரு மணி நேரம்.